முறிகண்டியில் எஞ்சினை உடனே நிற்பாட்டாதீர்கள்

டர்போ கார்களும் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டிகளும் வன்னி வீடுகளின் முற்றத்துக்கு வந்துவிட்டன. அவற்றுக்குள் விடும் ஒயில் பற்றிய பேச்சோ இன்னும் விலையையும் நிறத்தையும் சுற்றியே நிற்கிறது.

தெற்கிலிருந்து ஏ-9 வீதியால் வருகிறவர்களில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கடப்பவர்கள் குறைவு. பஸ் நிற்கும், லொறி நிற்கும். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்தும் வருகிற வான்களும் கார்களும் வீதியின் இரு கரையிலும் வரிசையாய் நிற்கும். தேங்காய் உடைபடும் சத்தம், கற்பூரப் புகை, கச்சான் சரைகளோடு ஓடி வருகிற வியாபாரிகள். அந்த வரிசைக்குள் ஒரு சின்ன ஜப்பான் கார் வேகம் குறையாமலே வந்து நுழைகிறது. உள்ளே ஐந்து பேர், பின்னால் கண்ணாடியை மறைக்கும் பொதிகள், ஏசி முழு அளவில். வவுனியாவிலிருந்து ஒரு மணிநேரமாக எஞ்சினுக்கு ஓய்வில்லை. சாரதி நிறுத்திய கையோடு எஞ்சினை நிற்பாட்டுகிறார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்கு நடக்கிறார்கள்.

முன்மூடிக்குள் அந்த நேரத்தில் நடப்பது இதுதான். 660 சிசி எஞ்சினோடு ஒட்டியிருக்கும் டர்போவின் தண்டு, பாரமான ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதன் ஒரு பக்கத்தில் பல நூறு பாகைச் சூட்டோடு புகைபோக்கி வாயு. தண்டைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய ஒயில் படலம். எஞ்சின் நின்றதும் ஒயில் பம்பும் நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஒயில் அங்கேயே தேங்க, புகைபோக்கிப் பக்கத்துச் சூடு அதற்குள் ஏறுகிறது. தரம் குறைந்த ஒயில், அல்லது மாற்ற வேண்டிய நாளைத் தாண்டிய ஒயில், அந்தச் சூட்டில் கருகிக் கரியாய்ப் படியும். ஒரு பயணத்தில் ஒன்றும் ஆகாது. படிந்து படிந்து ஒயில் வரும் சிறுதுவாரம் ஒடுங்கிய பிறகுதான் டர்போ கூவத் தொடங்கும், பின்னால் நீலப் புகை வரும். தண்ணீராலும் குளிர்விக்கப்படும் டர்போக்களில் இந்த ஆபத்து குறைவு. இல்லையென்று சொல்ல முடியாது.

கடைசி இரண்டு கிலோமீற்றரை நிதானமாக ஓட்டி, நின்ற பிறகு ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மீதிப் பாதி, கராஜில் என்ன ஒயில் விட்டீர்கள் என்பதில் இருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறந்தது. இடையில் ஐந்து ஆண்டுகள் இருந்த வாகனத்தையே இழுத்து ஓட்டினோம். 2022இல் ரூபா சரிந்தது, அந்த ஜூன் முடிவில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது, கியூஆர் அட்டைக்கு வரிசையில் நின்றோம். பெற்றோலுக்கே காசு போதாதபோது ஒயில் மாற்றுவது பலருக்குத் தள்ளிப்போனது. அந்தத் தள்ளிப்போட்ட கணக்கை இன்று எஞ்சின் திறக்கும் கராஜ்களில் கறுத்த சேறாகக் காணலாம்.

இன்னொரு பக்கம், இளைஞர்களின் கண் பந்தயத்தில். 2025 ஜனவரியில் டுபாய் 24 மணிநேர ஓட்டத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி பொர்ஷ காரோடு தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்ததிலிருந்து, கிளிநொச்சி ரியூசன் வாசல்களிலும் ஜிடி3 பந்தயக் கார்கள் பற்றிய பேச்சு கேட்கிறது. வன்னியில் ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம் என்பது உண்மை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் பேர்பெற்ற நுட்பங்கள், அதாவது டர்போ, நேரடி எரிபொருள் பாய்ச்சல், இரட்டைக் கிளட்ச், மாறும் வால்வு நேரம் ஆகியவை, வகன்-ஆர் ஸ்டிங்ரேயாகவும் வெசலாகவும் நம்முடைய ஒழுங்கைகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆகவே ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒயில் தெரிவது எப்படி என்ற கேள்வி, சின்ன டர்போ கார் வைத்திருக்கிற ஆசிரியருக்கும் தாதிக்கும் உரிய கேள்வி.

ஏ-40 கற்றுத் தந்த பாடம்

இந்த மண்ணில் ஒயில் பற்றிய அறிவு புதிதல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. 2002 ஜனவரியில் பொருளாதாரத் தடை பெருமளவு தளர்த்தப்படும்வரை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் எம்டி 90 மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வெள்ளைப் புகையும் கண் எரிச்சலும் அக்காலத்தவருக்கு மறக்காது. சுருக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் மட்டுமே அந்தக் கொடுமையைத் தாங்கின.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. எரியாத பங்கு சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கும். அதனால் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். விஷயம் தெரியாதவர் அதைப் பார்த்துச் சந்தோசப்படுவார். மெக்கானிக்மார் கம்பியை மணந்து பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் மணந்தால் ஒயில் மெலிந்துவிட்டது, பெயாரிங்குக்கு ஆபத்து, உடனே மாற்று. ஆய்வுகூடம் இல்லாத காலத்தில் மூக்காலும் விரலாலும் செய்த பரிசோதனை அது. இன்றைக்கும் அதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

முப்பது வருடம் கழித்து அதே நோய் வேறு வேசத்தில் வந்திருக்கிறது. நேரடிப் பாய்ச்சல் எஞ்சின்களில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. எஞ்சின் சூடாகுமுன்னே நிற்பாட்டும் குறும்பயணங்களில் அதன் ஒரு பகுதி சுவரில் ஒட்டி ஒயிலுக்குள் இறங்கும். ஹொண்டாவின் 1.5 லீற்றர் டர்போ எஞ்சின் 2018இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் இதனால்தான் பெரிய சர்ச்சைக்குள்ளானது. நமது வெயிலில் இது அவ்வளவு கடுமையாகாது. ஆனால் கரடிப்போக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீற்றரிலேயே வாழ்நாளைக் கழிக்கும் கார், ஏ-9இல் நீண்டு ஓடும் காரைவிட ஒயிலை வேகமாகக் கெடுக்கிறது. “நான் கனக்க ஓடுறேல்ல, அண்ணை, ஒயில் இன்னும் புதுசு” என்று சொல்கிறவரின் கம்பியைத்தான் முதலில் மணந்து பார்க்க வேண்டும்.

┌─ கலனில் எழுதியிருப்பது ─┐

5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் எஞ்சின் சுழல்வதைக் குறிக்கிறது. 0டபிள்யூ என்றால் சோதனை மைனஸ் 35 பாகையில், 5டபிள்யூ மைனஸ் 30இல், 10டபிள்யூ மைனஸ் 25இல், 15டபிள்யூ மைனஸ் 20இல்.

இரண்டாவது எண் 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை.

150 பாகையில், கடும் உராய்வின் கீழ் அளக்கும் இன்னொரு தடிப்பு உண்டு. பெயாரிங்கைக் காப்பது இதுவே. மில்லிபஸ்கல்-செக்கன் அலகில், 20ஆம் தரத்துக்கு ஆகக் குறைந்தது 2.6, 30க்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5.

ஏபிஐ எஸ்பி என்ற எஞ்சின் ஒயில் தரம் 2020 மேயில் வந்தது. சின்ன டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் பாரம் இழுக்கும்போது தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அடுத்த தரமான எஸ்கியூ 2025 மார்ச் இறுதியில் வந்திருக்கிறது.

└──────────┘

“எங்கட வெயிலுக்குத் தடிப்பு ஒயில்தான் சரி”

வன்னி கராஜ்களில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. அக்கறையோடு சொல்லப்படுவதுதான். பழைய எஞ்சின்களுக்கு அது சரியாகவும் இருந்தது. இடைவெளிகள் அகன்ற, தேய்ந்த, டர்போ இல்லாத எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 விட்டால் சத்தம் குறையும், ஒயில் குடிப்பதும் குறையும்.

அதே ஒயிலை 0டபிள்யூ-20 கேட்கிற புதிய எஞ்சினுக்கு விட்டால் என்ன ஆகும்? 40 பாகையில், அதாவது நமது மத்தியான வெயிலில் நின்ற எஞ்சினின் சூட்டில், 20டபிள்யூ-50இன் தடிப்பு 0டபிள்யூ-20ஐவிட மூன்று மடங்குக்கும் மேல். மாறும் வால்வு நேரம் இயங்குவது ஒயில் அழுத்தத்தால். அதன் வழிகள் மயிர்போலச் சிறியவை. தடித்த ஒயில் அங்கு பிந்திப் போகும், எச்சரிக்கை விளக்கு எரியும், பெற்றோல் கூடக் குடிக்கும். காலையில் எஞ்சினை எழுப்பிய முதல் நொடிகளில் டர்போவுக்கு ஒயில் போய்ச் சேர நேரமெடுக்கும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நொடிகளுக்கு உரியது.

வெயிலைக் காரணம் சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தக் கார்களைச் செய்த ஜப்பானில் ஆவணி மாத வெயில் 35 பாகையைத் தாண்டும். அங்கும் அதே 0டபிள்யூ-20 தான். எஞ்சினின் உட்சூட்டைத் தீர்மானிப்பது தேர்மோஸ்டாட். வெளியே 30 பாகையா 35 பாகையா என்பதைவிட, எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதே ஒயிலுக்கு முக்கியம். பாரமும் வேகமும் தொடர்ந்து கூடினால் சற்றுத் தடித்த தரம் பொருத்தமாகலாம் என்று டொயோட்டாவின் கைநூல்களே சொல்கின்றன. அப்படிக் கூட்டுவதென்றாலும் 20இலிருந்து 30க்கு ஒரு படி. ஒரேயடியாக 50க்கு அல்ல.

நம்மவர்களின் உண்மையான சிக்கல் கைநூல். பாவித்த காராக இறக்குமதியானால் கைநூல் ஜப்பான் மொழியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒயில் விடும் மூடியைத் திறக்குமுன் அதன் தலையைப் பாருங்கள். பல கார்களில் தேவையான தரம் அங்கேயே வார்க்கப்பட்டிருக்கும். அதே எஞ்சின் வேறு நாடுகளில் விற்கப்பட்டிருந்தால் அதன் ஆங்கிலக் கைநூலை நிறுவனத்தின் இணையத்திலிருந்து எடுக்கலாம். எஞ்சின் இலக்கத்தை வைத்துத் தேட வேண்டும், காரின் பெயரை வைத்தல்ல. ஒரே பெயரில் டர்போவும் டர்போ இல்லாததும் வரும்.

பந்தயக்காரர் எப்படித் தெரிகிறார்கள்

ஸ்போர்ட்ஸ் கார் உலகில் ஒயில் தெரிவு ஒரு கடுமையான பள்ளிக்கூடம். அங்கு தவறினால் எஞ்சின் அன்றைக்கே போகும்.

பிஎம்டபிள்யூவின் எம்3, 2000ஆம் ஆண்டை அடுத்து வந்த மாதிரி, நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை ஓடும் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. முதலில் அதற்கு 5டபிள்யூ-30 விட்டார்கள். கனெக்டிங் ரொட் பெயாரிங்குகள் போயின. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்துப் பெயாரிங்குகளை மாற்றியது, ஒயிலையும் 10டபிள்யூ-60க்கு மாற்றியது. அதிலிருந்து “ஸ்போர்ட்ஸ் காருக்கு 60” என்று ஒரு நம்பிக்கை உலகெங்கும் பரவிவிட்டது. அது அந்த எஞ்சினுக்கான விடை. பொர்ஷ தன் பல மாதிரிகளுக்கு ஏ40 என்ற சொந்த அங்கீகாரம் வைத்திருக்கிறது. பெரும்பாலும் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஒயில்களே அதில் வரும். டொயோட்டா 86 அதே ஸ்போர்ட்ஸ் கார் வகைதான், அது கேட்பது 0டபிள்யூ-20.

இலங்கை வீதிகளிலும் காணக்கூடிய மஸ்டா ஆர்எக்ஸ்-8 இன்னும் வேறு. அதன் சுழல் எஞ்சின் தன் முனைகளை உயவூட்ட ஒயில் தொட்டியிலிருந்தே கொஞ்சம் ஒயிலை எரியறைக்குள் விட்டு எரிக்கும். எரிந்தபின் எச்சம் விடக்கூடாது என்பதே அங்கு முதல் கேள்வி. அதனால் சில நாடுகளில் மஸ்டா சின்தெடிக் ஒயிலைத் தவிர்க்கும்படியே சொல்லி வந்தது. “ஆகத் திறமான சின்தெடிக் ஒண்டு போடுங்கோ” என்று ஆர்எக்ஸ்-8ஐக் கொண்டுவந்து விடுகிறவர் அன்போடு தன் எஞ்சினுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

எஞ்சினைச் செய்தவர் எழுதிய அங்கீகார இலக்கம் கலனின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்பதை வைத்தே பந்தயக்காரர் தெரிகிறார்கள். முன்பக்கத்துப் படமும் பெயரும் அதற்குப் பிறகுதான். சாலியபுரத்தில் கஜபா சுப்பர் குறொஸ் ஓடவருகிறவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: ஓட்டம் முடிந்ததும் ஒயிலைக் கழற்றிவிடுவது. பந்தயத்தில் ஒயிலுக்கு ஆயுள் இல்லை. வீதியிலும் அதன் ஆயுள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

சின்தெடிக் என்று எழுதிய கலனுக்குள்

அடிப்படை எண்ணெயை ஐந்து குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒன்றும் இரண்டும் சுத்திகரித்த கனிய எண்ணெய். மூன்றாவதும் நிலத்தடி எண்ணெயிலிருந்தே வருவது. ஆனால் ஐதரசனோடு கடும் அழுத்தத்தில் உடைத்து மூலக்கூறுகளைத் திருத்தியெடுத்தது. நான்காவது பிஏஓ எனப்படும், ஆலையில் சிறு மூலக்கூறுகளிலிருந்து கட்டியெழுப்பியது. ஐந்தில் எஸ்ரர்கள் அடங்கும்.

1999இல் அமெரிக்காவில் மொபில் நிறுவனம் காஸ்ட்ரோலுக்கு எதிராக ஒரு விளம்பர முறைப்பாடு செய்தது. மூன்றாம் குழுவைச் சின்தெடிக் என்று விற்கிறார்கள் என்பது முறைப்பாடு. விளம்பர நடுவர் அமைப்பு காஸ்ட்ரோல் பக்கம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து உலகச் சந்தையில் “முழுச் சின்தெடிக்” என்று வருவதில் பெரும் பங்கு மூன்றாம் குழுதான். ஜெர்மனியில் இந்த விடயத்தில் கடுமை அதிகம். அங்கிருந்து வருகிற நம்மவர்கள் “அங்கத்தேய ஒயில் வேற, இங்கத்தேய ஒயில் வேற” என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு.

இதனால் மூன்றாம் குழு மோசமென்று எண்ண வேண்டாம். நல்ல கலப்புச் சேர்க்கைகளோடு அது சாதாரண டர்போ காருக்குத் தாராளமாகப் போதும். பிஏஓவும் எஸ்ரரும் தங்கள் விலைக்கு வேலை காட்டுவது நீண்ட நேரம் 120 பாகைக்கு மேல் ஒயில் நிற்கும் இடத்தில். மங்குளம்–முல்லைத்தீவு வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் சட்ட எல்லைக்குள் ஓடுகிற காருக்கு அந்த நிலைமை வராது. ஆரம்பகாலப் பந்தய எஞ்சின்களுக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய் கலந்த ஒயில். காஸ்ட்ரோல் என்ற பெயரே 1909இல் அதிலிருந்து வந்தது. சூட்டைத் தாங்கும், ஆனால் பிசினாய் ஒட்டும். ஓட்டம் முடியமுடியக் கழுவ வேண்டும். இன்றைய பந்தய எஸ்ரர்கள் அதன் தூரத்துச் சொந்தங்கள்.

எனது நிலைப்பாடு இது. வன்னியில் ஒருவர் கையில் இருக்கும் காசை ஆக விலைகூடிய ஒயிலில் போட்டு 15,000 கிலோமீற்றர் ஓடுவதைவிட, அங்கீகாரம் சரியான நடுத்தர சின்தெடிக்கை விட்டு 5,000இல் மாற்றுவதே எஞ்சினுக்கு நல்லது. காரணம் நமது தூசு. ஒட்டுசுட்டானைச் சுற்றியும் நெடுங்கேணியைச் சுற்றியும் உள்வீதிகள் பல இன்னும் கிரவல். அந்தச் செம்மண் தூசில் இருக்கும் சிலிக்கா, காற்று வடிகட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போய் ஒயிலில் கலந்து உலோகத்தை அரைக்கும். எந்த எஸ்ரரும் மண்ணைக் கரைக்காது. சுசுக்கி தன் டர்போ எஞ்சின்களுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்று சொல்கிறது. தூசும் குறும்பயணமும் உள்ள கடும் பாவனைக்கு அதுவே 2,500 ஆகிறது. வன்னிப் பாவனை கடும் பாவனைதான். ஒயிலோடு சேர்த்து ஒயில் பில்டரையும் மாற்றுங்கள். காற்று பில்டரை ஊதி ஊதிப் பாவிப்பதை விடுங்கள்.

எரிபொருளும் ஒரு பங்காளி. ஸ்போர்ட்ஸ் எஞ்சின் 95 கேட்டால் 92 அடித்து மிச்சம் பிடிக்கக் கூடாது. 2022 ஓகஸ்ட்வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவும் பெற்றோல் 450 ரூபாவுமாக இருந்தன. கலப்படத்துக்கு ஆசைகாட்டும் இடைவெளி அது. அந்த மாதம் மண்ணெண்ணெய் 340க்கு ஏறியபோது மீனவர்களும் விவசாயிகளும் அதன் சுமையைச் சுமந்தார்கள். மலிவாய்க் கிடைக்கும் போத்தல் பெற்றோல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் டர்போ காருக்கு விடாதீர்கள்.

கேட்பாரற்ற கியர்ப்பெட்டி

எஞ்சின் ஒயிலுக்காவது ஆள் கேட்பார். கியர் ஒயில் வாங்கிய நாளிலிருந்து மாற்றாத கார்கள் ஏராளம். கசிந்து நிலத்தில் கறை விழுந்தால்தான் ஞாபகம் வரும்.

கையால் மாற்றும் கியர்ப்பெட்டியில் பித்தளையாலான சிங்க்ரோ வளையங்கள் உண்டு. கியர் விழும்போது அவை உராய்ந்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். அங்கே ஜிஎல்-4 தர கியர் ஒயில் கேட்டிருக்க, “5 கூடுதல் தரம்” என்று ஜிஎல்-5 விடுவது நம் இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. ஜிஎல்-5, பின்னச்சு டிஃபரன்சியலில் பற்கள் வழுக்கியபடி நசுக்கும் அழுத்தத்துக்காகக் கந்தக, பொசுபரசுச் சேர்க்கை கூட்டியது. அந்தச் சேர்க்கை பித்தளையைத் தின்னக்கூடும். வழுக்கலும் அதிகமாதலால் சிங்க்ரோ பிடிக்காது. இரண்டாம் கியர் விழும்போது கர்ரென்று வரும் சத்தம் பலவேளை ஒயிலின் சத்தம். இரண்டு தரத்தையும் பூர்த்திசெய்யும் ஒயில்களும் சந்தையில் உண்டு. கலனில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

டிஃபரன்சியலுக்கு ஜிஎல்-5தான். கிளட்ச் தட்டுகளால் வேலை செய்யும் எல்எஸ்டி உள்ள ஸ்போர்ட்ஸ் காரென்றால் அதற்கென்று உராய்வுச் சேர்க்கை கலந்தது வேண்டும்; இல்லாவிட்டால் மூலையில் திரும்பும்போது தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து நடுங்கும். இரட்டைக் கிளட்சுக்கும் சிவிடிக்கும் ஒட்டோ கியருக்கும் ஒன்றின் திரவம் மற்றதற்கு ஆகாது. சிவிடியில் உலோகப் பட்டி கப்பிமேல் வழுக்காமல் பிடிக்க வேண்டும். அதற்குள் ஏரிஎஃப் எனப்படும் சாதாரண ஒட்டோ கியர்த் திரவத்தை விட்டால் பட்டி வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். அந்தப் பெட்டியின் விலையில் ஒரு முச்சக்கர வண்டியே வாங்கலாம் என்று கராஜ்களில் சொல்வது மிகைப்படுத்தல் என்றாலும், பாவித்த பெட்டியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி அலைந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

“வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை” என்ற வாசகத்தை நம்பாதீர்கள். அங்கே வாழ்நாள் என்பது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் காலம். நாம் வாங்குவதோ இரண்டாவது, மூன்றாவது கை.

┌─ மோட்டார் சைக்கிள்காரருக்கு ─┐

பெரும்பாலான கியர் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. கலனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஒயிலில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 வகைகளில், பெற்றோல் மிச்சத்துக்காகச் சேர்க்கும் வழுக்கல் பொருள் கிளட்சை நழுவச் செய்யும். காருக்கு விட்டு மிஞ்சிய “திறமான சின்தெடிக்”கை ஆர்15க்கும் பல்சருக்கும் ஊற்றுகிற தம்பிமார் கவனிக்க. உலர் கிளட்ச் உள்ள டியோ போன்ற ஸ்கூட்டர்களுக்கு எம்பி என்று வருவது பொருந்தும்.

└──────────┘

போலிக் கலன்

இலங்கையின் உராய்வு நீக்கி எண்ணெய்ச் சந்தை 1994இல் தனியாருக்குப் போனது. கல்ரெக்ஸ் நிறுவனம் லங்கா லூப்ரிகண்ட்ஸின் 51 விழுக்காட்டை வாங்கியது. பின்னர் சந்தை மற்றவர்களுக்கும் திறந்தது. இன்று அதை மேற்பார்ப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டுமே ஒயிலை இறக்குமதி செய்யவோ கலந்து விற்கவோ முடியும். ஆனால் வெற்றுக் கலனுக்கு விலை இருக்கிறவரை போலியும் இருக்கும். பழைய ஒயிலை வடித்து நிறம் சேர்த்து நிரப்பியதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

உங்களால் செய்யக்கூடியது: மூடியின் முத்திரை வளையம் உடைபடாமல் இருக்கிறதா, கலனில் பொறித்த தொகுதி இலக்கமும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா, இறக்குமதியாளரின் பெயர் உண்டா என்று பாருங்கள். விட்ட பிறகு வெற்றுக் கலனை கராஜில் அப்படியே போட்டுவிட்டு வராதீர்கள். மூடியை வெட்டிவிடுங்கள், அல்லது அடியில் ஓட்டை போடுங்கள். சந்தேகம் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் சொல்வதற்கு எடை குறைவு. ஆகவே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

கழற்றிய ஒயில் எங்கே போகிறது

சீக்கிரம் சீக்கிரம் ஒயில் மாற்றுங்கள் என்று எழுதிவிட்டு இதைப் பேசாமல் விட முடியாது. ஒரு காரிலிருந்து மூன்று நான்கு லீற்றர், ட்ரக்டரிலிருந்து அதைவிடக் கூட. கறையானுக்கென்று வேலிக் கட்டைகளில் பூசுகிறோம், கொங்கிறீற் பலகைகளில் தடவுகிறோம், மிஞ்சியதைக் கராஜின் பின்பக்க மண்ணில் ஊற்றுகிறோம். எஞ்சினில் எரிந்து வந்த ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருக்கின்றன. வெறுங்கையால் அதைப் பூசும் பிள்ளைகளை வன்னியில் இன்றும் காணலாம். தயவுசெய்து அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

மண்ணில் ஊற்றியது கிணற்றுக்கு வராதென்று நம்புவதற்கு நமக்கு இனி உரிமை இல்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு சுற்றியுள்ள கிணறுகளில் கலந்து, வழக்கு உயர்நீதிமன்றம்வரை போனது. 2019 ஏப்ரலில், அந்த மின்நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. வன்னியில் பெருவாரியான குடும்பங்கள் குடிப்பதும் கிணற்றுத் தண்ணீரே. இரணைமடுவின் வாய்க்கால் ஓரங்களில் ட்ரக்டர் ஒயில் கழற்றும் காட்சி சாதாரணமாகிவிட்டது.

கழிவு ஒயிலைச் சீமெந்து ஆலை உலைகளில் எரிபொருளாக எரிக்கும் வழி நாட்டில் ஏற்கெனவே உண்டு. அந்த ஆலை இருக்கும் புத்தளம் கிளிநொச்சியிலிருந்து எட்டாத தூரமல்ல. இல்லாதது சேகரிக்கும் ஏற்பாடு. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கரைதுறைப்பற்றிலும் தெரிவான சபைகள் மீண்டும் இயங்குகின்றன. கராஜுக்கு வருடாந்த வியாபார அனுமதி கொடுப்பது அந்தச் சபைகளே. அனுமதிப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கழற்றிய ஒயிலைச் சேமிக்க மூடியுள்ள பீப்பா ஒன்று, அதை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்குப் பதிவு ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை சபையின் ட்ரக்டரே அந்தப் பீப்பாக்களை ஒரு இடத்தில் சேர்க்கலாம். அடுத்த வருட அனுமதிகள் வழங்கப்படுமுன் எந்தச் சபை இதைத் தொடங்கப் போகிறது?